ஆர்.சி. புக் தொலைஞ்சு போச்சா? காரை விக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"புக் இல்லையா? பரவாயில்ல தம்பி. ஒரு நாப்பதாயிரம் கம்மி பண்ணிக்குவோம். ஃபார்ம் 29, 30 ரெண்டுலயும் அப்பாவ கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

போன ஜூன் மாதம் எங்க வீட்டு 2012 மாடல் ஆல்டோவை விற்கப் போனபோது ஒரு கார் புரோக்கர் சொன்னது இது. செமஸ்டர் ஃபீஸ் கட்ட இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீடு மாறும்போது ஆர்.சி. எந்த அட்டைப்பெட்டியில் போனதோ தெரியவில்லை. கையில் உடனே காசு கிடைக்கும் என்றதும் அப்பா பேனாவை எடுத்துவிட்டார். "நாளைக்கு வர்றோம்ணே" என்று சொல்லி அவரை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். ஏதோ பெரிய சட்ட அறிவு இருந்ததால் இல்லை. எங்க ஹாஸ்டலில் ஒரு சீனியரின் பைக் கதை ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்றேன்.

அடுத்த சில நாள் இதைப் பற்றித் தேடிப் படித்ததும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் நின்று தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. உங்க வீட்டு காருக்கும் இது பொருந்தும், உங்க பல்சருக்கும் பொருந்தும். ஃபார்ம் எல்லாம் ஒண்ணுதான், கட்டணம் மட்டும்தான் வேற.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். யூடியூபில் "லாஸ்ட் டைட்டில்" என்று தேடினால் வரும் வீடியோக்களில் பாதி அமெரிக்காவைப் பற்றியது. அங்கே ரிஜிஸ்ட்ரேஷன் வேறு, டைட்டில் வேறு. டைட்டில் என்பது வண்டியின் உரிமைப் பத்திரம். அதில் கையெழுத்துப் போட்டு வாங்குபவரிடம் நீட்டினால் உரிமை மாறும். இங்கே அப்படி ஒரு தனிப் பத்திரமே கிடையாது. நம்மிடம் இருப்பது ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிபிகேட், அதாவது ஆர்.சி., ஒன்றுதான். அது புத்தகமாக இருந்த காலம் போய் பிளாஸ்டிக் கார்டு ஆகியும் நாம் இன்னும் "புக்"குன்னுதான் சொல்றோம்.

அந்த கார்டு தொலைந்தால் உங்க உரிமை தொலைவதில்லை. யார் ஓனர், சேஸிஸ் எண் என்ன, எந்த பேங்கில் கடன், இன்ஷூரன்ஸ் எதுவரை என்ற எல்லா விவரமும் "வாகன்" என்ற மத்திய அரசின் டேட்டாபேஸில் இருக்கிறது. கார்டு அதன் ஒரு பிரதி மட்டும்தான். ரோட்டில் போலீஸ் கேட்டால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ இருக்கும் ஆர்.சி.யைக் காட்டலாம். மின்னணு வடிவில் காட்டும் ஆவணத்தை ஏற்கணும் என்று 2018-லேயே மோட்டார் வாகன விதி 139-ஐத் திருத்திவிட்டார்கள். ஆக, ஓட்டுவதற்கு கார்டு கட்டாயமில்லை. பெயர் மாற்றத்துக்கு மட்டும் ஒரிஜினல் கேட்பார்கள். அது இல்லையென்றால் முதலில் டூப்ளிகேட் எடுக்கணும். புரோக்கர் சுற்றிவளைக்கச் சொன்னது இந்த ஒரு படியைத்தான்.

கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தா என்ன ஆகும்?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும்.

வண்டியை விற்பதில் இரண்டு சட்டங்கள் குறுக்கே வருகின்றன. ஒன்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அதன்படி பார்த்தால் விலை பேசி, காசு வாங்கி, சாவியைக் கொடுத்த நிமிஷமே கார் வாங்கியவருடையது. இன்னொன்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதில் "ஓனர்" என்ற சொல்லுக்குப் பிரிவு 2(30)-இல் விளக்கம் இருக்கிறது: யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர்தான் ஓனர். (தவணையில் வாங்கிய வண்டிக்கும் சின்னப் பையன் பெயரில் இருக்கும் வண்டிக்கும் விதிவிலக்கு உண்டு.) காசு யாருக்குப் போச்சு, சாவி யார்கிட்ட இருக்கு என்பதெல்லாம் இந்தச் சட்டத்துக்குத் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நிறைய குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைப் பாருங்க. முதல் ஓனர் 2007-இல் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் ஒருவர்கூட ஆர்.சி.யில் பெயர் மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்தக் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு அம்மா மீதும் அவருடைய உறவுக்காரப் பையன் மீதும் மோதிவிட்டது. பையன் இறந்துபோனான். இன்ஷூரன்ஸ் இல்லை. இழப்பீடு யார் தருவது? இரண்டு வருஷத்துக்கு முன்பே காரை விற்றுவிட்டு அதை மறந்தும்போன முதல் ஓனர்தான் தரணும் என்றது நீதிமன்றம். காரணமும் நியாயமானதுதான்: பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தை "யார் யாருக்கு விற்றார்கள் என்று நீயே தேடிக் கண்டுபிடி" என்று அலையவிடக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவர் கட்டட்டும், பிறகு அவர் வாங்கியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

படிச்சதும் எனக்கு அந்த ஃபார்ம் 29, 30 ஞாபகம்தான் வந்தது. வெற்று ஃபார்மில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால், புரோக்கர் அதைக் காரின் டேஷ்போர்டில் போட்டு யாரிடம் வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். அவர் இன்னொருத்தருக்கு. ஆர்.சி. தொலைந்த வண்டி என்பதால் டூப்ளிகேட் எடுக்காமல் யாராலும் பெயர் மாற்றவும் முடியாது. டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு ஓனர், அதாவது எங்க அப்பா. அவரை யார் தேடி வரப்போகிறார்கள்? கார் வருஷக்கணக்கில் அவர் பெயரிலேயே ஓடும். இ-சலான் அவர் மொபைலுக்கு வரும். பதினெட்டு வயசு ஆகாத பையன் யாராவது ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199A-இன்படி ஓனரும் பதில் சொல்லணும். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது அந்தப் பிரிவு.

நாப்பதாயிரம் கம்மி என்றது இதுக்குத்தான் தள்ளுபடியாம். தள்ளுபடியும் நாமதான் குடுக்கறோம், ரிஸ்க்கும் நாமதான் எடுக்கறோம்!

சரி, டூப்ளிகேட் எப்படி எடுக்கறது?

மத்திய மோட்டார் வாகன விதி 53-இல் இதற்கு வழி இருக்கிறது. ஆர்.சி. தொலைந்தால் முதலில் போலீஸில் தெரிவிக்கணும், பிறகு வண்டி கடைசியாகப் பதிவாகியிருக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபார்ம் 26 கொடுக்கணும்.

போலீஸ் என்றதும் ஸ்டேஷனில் காலையிலிருந்து உட்கார வேண்டுமோ என்று பயப்படாதீங்க. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் "லாஸ்ட் டாக்குமெண்ட் ரிப்போர்ட்" என்று ஒரு சேவை இருக்கு. சுருக்கமா எல்.டி.ஆர். ஆர்.சி., லைசென்ஸ், பாஸ்போர்ட், மார்க்‌ஷீட், ஐ.டி. கார்டு தொலைந்தால் அதில் பதியலாம் (மார்க்‌ஷீட் தொலைத்த நண்பர்களும் குறிச்சு வெச்சுக்கங்க). விவரங்களை நிரப்பினால் ஒரு எண்ணோடு அறிக்கை வரும். பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். இது எஃப்.ஐ.ஆர். இல்லை, விசாரித்துத் தரும் சான்றும் இல்லை. நீங்க சொன்னதைப் பதிவு செய்துகொண்டதற்கான அத்தாட்சி. அதனால் ஸ்டேஷன் சர்டிபிகேட்டும் வேணும் என்று உங்க ஆபீஸில் கேட்டால் போய் வாங்கித்தான் ஆகணும். ஆர்.சி.யைப் பையோடு யாரோ திருடிவிட்டார்கள் என்றால் எல்.டி.ஆர். போடக் கூடாது. அது திருட்டு. ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்க.

பிறகு பரிவாகன் தளத்தில் போய் வண்டி எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தையும் போட்டு "டூப்ளிகேட் ஆர்.சி."க்கு விண்ணப்பிக்கணும். மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். எங்களுக்கு முதல் முட்டுக்கட்டை அங்கேதான். 2012-இல் ஷோரூம்காரர்கள் பதிந்த எண் அப்பா எப்போதோ தூக்கிப்போட்ட சிம். மொபைல் எண்ணை மாற்ற அதே தளத்திலேயே தனியாக வழி இருக்கு. அதை முடித்துவிட்டுத்தான் மேலே போக முடியும். வண்டி விற்கும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இதை இன்றே பார்த்து வைப்பது நல்லது.

சேஸிஸ் எண் எங்கே என்று தெரியாதவர்களுக்கு: பைக்கில் ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், ஸ்டியரிங் ஹெட் குழாயின் பக்கவாட்டில் குத்தியிருக்கும். காரில் மாடலுக்கு மாடல் மாறும். பானெட்டுக்குள் ஃபயர்வாலிலோ, முன் சீட்டுக்கு அடியில் தரையிலோ பாருங்க. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் இருக்கும். மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு சின்ன விஷயம்: இந்த 17 எழுத்து எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். முதல் மூன்று எழுத்து யார் தயாரித்தது என்று சொல்லும். எம்.ஏ.3 என்றால் மாருதி, எம்.ஏ.எல் என்றால் ஹூண்டாய், எம்.டி.6 என்றால் டி.வி.எஸ். செகண்ட் ஹேண்ட் வண்டியில் இந்த எண்ணைச் சுரண்டியிருந்தாலோ, வெல்டிங் தடம் தெரிந்தாலோ, எழுத்துகள் ஒரே வரிசையில் இல்லாமல் இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துடுங்க.

கட்டணம்தான் எனக்கு ஆச்சரியம். மத்திய விதி 81-இன் அட்டவணைப்படி டூப்ளிகேட் ஆர்.சி.க்கு, பதிவுக் கட்டணத்தில் பாதி. 2016 டிசம்பரில் மாற்றிய அட்டவணையில் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், பைக்குக்கு 300. ஆக, டூப்ளிகேட்டுக்கு காருக்கு 300, பைக்குக்கு 150. ஸ்மார்ட் கார்டுக்கு 200, அதோடு மாநில அரசின் சேவைக் கட்டணம். பெயர் மாற்றத்துக்கும் அதே பாதிக் கணக்குதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் ஒருவர் எங்களிடம் இதற்கு ஆறாயிரம் கேட்டார். புரோக்கர் கழித்தது நாப்பதாயிரம்.

ஃபார்ம் 26-இல் ஒரு உறுதிமொழி இருக்கு. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. ஆர்.சி. எப்படித் தொலைந்தது, போலீஸில் எப்போது சொன்னீங்க, பதிவு ரத்தோ நிறுத்திவைப்போ ஆகவில்லை என்றெல்லாம் நீங்களே எழுதிக் கொடுக்கறீங்க. நம்ம ஊரில் "புக் தொலைஞ்சு போச்சு" என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு இல்லையா? அவசரத்துக்கு யாரோ ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் ஆர்.சி.யை வைத்துப் பணம் வாங்கியிருப்பார்கள். வட்டி ஏறி, மீட்க முடியாமல், "தொலைஞ்சு போச்சு"ன்னு சொல்லி டூப்ளிகேட் எடுத்துவிடலாம் என்று யோசிப்பார்கள். அதுவும், போலீஸோ கோர்ட்டோ பிடித்துவைத்திருக்கும் ஆர்.சி.யைத் தொலைந்ததாகச் சொல்வதும் பொய்த் தகவல் கொடுத்த குற்றம். நாளைக்கு ஒரிஜினலோடு அந்த ஃபைனான்ஸ்காரர் வந்து நின்றால் வாங்கியவரும் சேர்ந்து மாட்டுவார். நீங்க வாங்கும் பக்கத்தில் இருந்தால், "புக் தொலைஞ்சிடுச்சு" என்று கேட்டதும் மனசுக்குள் முதலில் எழ வேண்டிய சந்தேகம் இதுதான்.

பேங்க் கடன் முடிஞ்சும் முடியாத கதை

எங்களுக்கு அடுத்த இடி ஹெச்.பி. ஹைபோதிகேஷன், அதாவது வண்டியின் மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு. கடனை 2017-இலேயே அடைத்துவிட்டோம். ஆனால் வாகன் டேட்டாபேஸில் பேங்க் பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று அப்பா நினைத்துவிட்டார். தவணை முடிவது பேங்கின் கணக்கில். ஆர்.சி.யில் அது தானாகப் போகாது. பேங்க் கொடுக்கும் என்.ஓ.சி.யையும், ஃபார்ம் 35-ஐயும் வைத்து நாம்தான் நீக்கணும்.

ஹெச்.பி. இருக்கும்வரை டூப்ளிகேட்டுக்கும் பேங்கின் சம்மதம் வேணும், விற்பதற்கும் வேணும். கடன் முடிந்தபோது பேங்க் கொடுத்த என்.ஓ.சி. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அதில் மூன்று மாதம் வரை செல்லும் என்று தேதி போட்டிருந்தது. புதிதாக வாங்க, கடன் எடுத்த கிளைக்கே போகச் சொன்னார்கள். அந்தக் கிளையோ வேறு இடத்துக்கு மாறியிருந்தது. போய், கடன் கணக்கு எண் இல்லாமல் பழைய பாஸ்புக்கைக் காட்டி, "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லி, நான்காவது நாள் கிடைத்தது. மூன்று வாரத்தில் ஒரு வாரம் அங்கேயே போச்சு. உங்க வீட்டில் பைக் லோன் ஏதாவது முடிந்திருந்தால் எம்-பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு "ஃபைனான்சியர்" என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துடுங்க. அரை நிமிஷ வேலை.

இதோடு இன்னும் இரண்டு விஷயம் பார்க்கணும். நிலுவையில் சலான் இருந்தால் கட்டி முடிக்கணும். பதிவு காலாவதி ஆகியிருக்கக் கூடாது. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அது முடிந்திருந்தால் முதலில் புதுப்பிக்கணும், நம்ம ஊர் வழக்கில் எஃப்.சி. எடுக்கணும். காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தது. ரொம்பப் பழைய வண்டி என்றால் இவ்வளவு செலவு செய்து விற்பதைவிட, அரசு அனுமதி பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து அழிப்புச் சான்று வாங்கிப் பதிவை ரத்து செய்வது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய இரும்புக் கடையில் போடுவது வேறு. அங்கே போட்டால் வண்டி போய்விடும், உங்க பெயரில் பதிவு மட்டும் உயிரோடு இருக்கும்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி கடைசியிலிருந்து ஆர்.சி.யும் லைசென்ஸும் ஸ்பீட் போஸ்டில்தான் வருகின்றன, ஆர்.டி.ஓ. கவுண்டரில் கையில் தருவதில்லை. எங்களைப் போல வீடு மாறியவர்கள் பழைய முகவரியோடு விண்ணப்பித்தால் கார்டு பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடும். நாங்கள் முகவரி மாற்றத்தையும் சேர்த்தே போட்டோம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஹாஸ்டல் பைக்

இப்போது அந்த சீனியர் கதை. நம்மில் பலருக்குக் காரைவிட இதுதான் பொருத்தம்.

எல்லா ஹாஸ்டலிலும் இப்படி ஒரு பைக் இருக்கும். 2015 பேட்ச் அண்ணன் ஒருவர் படிப்பு முடித்துப் போகும்போது ஜூனியருக்கு எட்டாயிரத்துக்குக் கொடுத்திருப்பார். அவர் அடுத்த ஜூனியருக்கு. ஆர்.சி. யார் ரூமில் யார் பெட்டியில் போச்சு என்று யாருக்கும் தெரியாது. எங்க சீனியர் அந்த வரிசையில் நான்காவது ஆள். விற்கலாம் என்று பார்த்தால் ஆர்.சி.யும் இல்லை, பெயரும் அவருடையது இல்லை. எல்.டி.ஆர். போடலாமே என்று நினைத்தார். ஆனால் ஃபார்ம் 26-இல் கையெழுத்துப் போட வேண்டியவர் பதிவு ஓனர், எட்டு வருஷத்துக்கு முன் படித்துவிட்டுப் போன ஒருவர். காசு கொடுத்து வாங்கிய பைக்தான், கையில்தான் இருக்கு, ஆனாலும் ஆர்.டி.ஓ.வைப் பொறுத்தவரை எங்க சீனியர் யாரோ ஒரு வழிப்போக்கர்.

பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குரூப் குரூப்பாக அலசி அந்த முதல் ஓனரைப் பிடித்தார்கள். அவர் போனை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த வண்டிய யாருடா ஓட்றீங்க? எனக்கு ஒன்றரை வருஷமா ஹெல்மெட் ஃபைன் வந்துட்டு இருக்கு!" என்பதுதான். நல்லவேளை, அபராதத்தோடு நின்றது. அவர் நல்ல மனுஷன். வந்து கையெழுத்துப் போட்டு, டூப்ளிகேட் எடுத்து, நேராக சீனியர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். அவர் கிடைக்காமல் போயிருந்தால் அந்த பைக்கை முறைப்படி விற்க வழியே இருந்திருக்காது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தை ஆர்.டி.ஓ. ஆபீஸில் யாரும் ஓனர் ஆனதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபைனல் இயர் முடித்துப் போகும் அண்ணன், அக்காக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பைக்கை ஜூனியருக்குக் கொடுங்க, சந்தோஷம். ஆனால் பெயரையும் சேர்த்துக் கொடுத்துட்டுப் போங்க.

பதிவு ஓனர் இறந்துவிட்டால் வழி வேறு. அப்பாவோ தாத்தாவோ பெயரில் இருக்கும் வண்டியை வாரிசு நேரடியாக வெளியாருக்கு விற்க முடியாது. முதலில் ஃபார்ம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றணும். இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேணும். இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டு மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம், அதற்குள் ஃபார்ம் 31 கொடுக்கணும் என்கிறது விதி 56. அந்த நேரத்தில் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கும், சொல்லுங்க? அதனால்தான் 2021 திருத்தத்தில் வண்டிக்கு நாமினி பதியும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நிறைய பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கார்டு வந்தாச்சு, இனி

டூப்ளிகேட் வந்த பிறகு விற்பது சாதாரண விற்பனைதான். ஃபார்ம் 29 விற்பவர் கொடுப்பது, வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்வது. ஃபார்ம் 30 வாங்குபவர் பெயர் மாற்றக் கேட்பது. அதே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்கணும், வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கணும். வெளிமாநிலப் பதிவு என்றால் என்.ஓ.சி.யோடு விற்பவருக்கு 45 நாள். வாங்குபவர் இழுத்தடித்தாலும் உங்க ஃபார்ம் 29-ஐ நீங்க கொடுத்து அத்தாட்சி வாங்கிடுங்க. இரண்டு ஃபார்மிலும் வாங்குபவர் பெயர், முகவரி, தேதி நிரப்பாமல் கையெழுத்துப் போடவே கூடாது.

சாவியைக் கொடுக்கும்போது ஒரு டெலிவரி நோட் எழுதுங்க. வண்டி எண், சேஸிஸ் எண், வாங்குபவரின் ஆதார் நகல், கையெழுத்து. தேதி மட்டும் போதாது, நேரமும் எழுதணும். மத்தியானம் விற்ற கார் சாயங்காலம் எங்கேயாவது இடித்தால் அந்த நேரம்தான் பேசும். காசை அக்கவுண்டில் வாங்கினால் அதுவும் ஒரு ஆதாரம்.

இன்ஷூரன்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கு. வண்டி கைமாறினால் தேர்டு பார்ட்டி காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே பிரிவு 157 எடுத்துக்கொள்கிறது. ஆனால் வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியில் தன் பெயரை மாற்ற விண்ணப்பிக்கணும். மாற்றாவிட்டால் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குக் காசு கேட்டு நிற்கும்போது சிக்கல். நோ கிளைம் போனஸ் வண்டியோடு போகாது, அது ஓனருடையது. அதற்கான சான்றைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்குப் பயன்படும். ஃபாஸ்டேக்கை மறக்காம க்ளோஸ் பண்ணுங்க. இல்லைன்னா வாங்கினவர் டோல் தாண்டும்போதெல்லாம் உங்க அக்கவுண்ட்லதான் காசு போகும்.

டீலரிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல விதி வந்திருக்கு. ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்ற செகண்ட் ஹேண்ட் டீலர், வண்டியைப் பெற்றுக்கொண்டதை ஆன்லைனில் பதிந்துவிட்டால், அடுத்து விற்கும்வரை அவரே ஓனராகக் கருதப்படுவார். பொறுப்பு அவருக்கு. டூப்ளிகேட் எடுப்பது, பெயர் மாற்றுவது போன்ற வேலைகளுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஆக, "மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொன்னால், "உங்க ஆத்தரைசேஷன் சர்டிபிகேட் காட்டுங்கண்ணே" என்று கேளுங்க. நாங்க அந்த முதல் புரோக்கரிடம் திரும்பப் போய் இதைக் கேட்டோம். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் தம்பி" என்று சிரித்துவிட்டு டீ சொன்னார். அந்த விதியில் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி என்று எதுவும் இல்லை.

எங்க கார்டு விண்ணப்பித்து பதினோராவது நாள் ஸ்பீட் போஸ்டில் வந்தது. ஹெச்.பி. நீங்கியிருந்தது, முகவரி சரியாக இருந்தது. ஃபீஸ் கடைசித் தேதி அதற்குள் தாண்டிவிட்டது. அப்பா சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார், தாமதக் கட்டணம் சேர்த்து. அடுத்த வாரம் பக்கத்துத் தெரு ஸ்கூல் வாத்தியார் ஒருவர் முழு விலைக்கே காரை எடுத்துக்கொண்டார். ஃபார்ம் 29, 30 எல்லாம் எங்க வீட்டு மேஜையிலேயே நிரப்பினோம். அவரே பரிவாகனில் போட்டு ஒன்பதாம் நாள் பெயர் மாறிய ஸ்கிரீன்ஷாட்டை அப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார்.

பழைய ஆர்.சி. பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணும்போது கிடைத்தது, அம்மாவின் தையல் மெஷின் டிராயரில். டூப்ளிகேட் எடுத்த பிறகு ஒரிஜினல் கிடைத்தால் அதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்படைக்கணும். நான் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்.